விளக்கேந்திய அம்மையாரின் கணக்கேடு

நோய் தீர்க்கும் தொழிலுக்கு அங்கங்கள் நான்கு என்று வகுத்தார் திருவள்ளுவர். நோயுற்றவன், வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அந்நான்குமாம். இறுதியிற் கூறப்பட்டவனுக்கு 'உழைச்செல்வான்' என்று பெயரிட்டார் அவர். வைத்திய நூல்கள் எழுதியோர் முதல் மூன்றையும் விரித்துரைத்த அளவுக்கு நான்காவதை விரித்துரைத்தாரல்லர். நோயாளிக்கு அருகில் இருப்பதற்குக் கல்வியும் வேண்டுமோ, பொறுமையும் இரக்கமும் இருந்தாற் போதாவோ என்றே உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. மேலைநாட்டு வைத்தியசாலைகளிலோ அப்பொறுமையையும் இரக்கத்தையுங்கூட எதிர்பார்க்க முடியாத நிலைமை இருந்தது. வேறு தொழில் கிடையாதவர்களே அங்கே பணிப்பெண்களாகச் சேர்ந்தனர்.

இந்நிலையை மாற்றியவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் என்பதைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். இரவு வேளையிலே கையில் விளக்கேந்திப் போர்வீரரின் படுக்கைகளுக்கிடையே நடந்துசென்ற அவருடைய உருவத்தைப் பாடப்புத்தகங்களிற் காணாதவர் சிலரே. அப்படம் பொய்யன்று. ஆயினும், அவருடைய தொண்ணூறு வருட வாழ்விலே விளக்கேந்திய காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவானது. எஞ்சிய காலத்திற் பெரும்பகுதியை அவர் ஓர் அறைக்குள், மேசைமீது குவிந்த பதிவேடுகளுக்கும் அட்டவணைகளுக்கும் நடுவிலே கழித்தார். தாதியருக்கு ஆசிரியராகவும், வைத்தியசாலைகளின் குறைகளைக் கணக்கெடுத்துத் திருத்தியவராகவும் அவர் ஆற்றிய அந்தப் பணியே இப்பேச்சின் பொருளாகும்.

1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரிலே, செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையாரே அவருக்கு ஆசானாயிருந்து பல மொழிகளையும் வரலாற்றையும் கற்பித்தார். கணிதத்தில் அவருக்கு இளமையிலேயே தனி விருப்பம் உண்டாயிற்று. தாதித் தொழிலைக் கற்க வேண்டுமென்று அவர் சொன்னபோது வீட்டிலே பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஆண்டுகள் பல போராடியபின், 1851ஆம் ஆண்டிலே ஜெர்மனியிற் கைசர்ஸ்வேர்த் என்னுமிடத்திலிருந்த சமய நிலையமொன்றில் மூன்று மாதம் பயிலுவதற்கு அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. 1853இல் இலண்டனில் நோயுற்ற பெண்களுக்கான சிறு வைத்தியசாலை ஒன்றின் மேற்பார்வையாளரானார்.

அச்சிறு நிலையத்திலே அவர் முதலிற் கேட்டவை யாவை என்பது கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு மாடிக்கும் குழாய் வழியாக வெந்நீர் வரவேண்டும். சமையலறையிலிருந்து உணவை மேலே ஏற்றுவதற்கு ஒரு தூக்கி வேண்டும். நோயாளி மணியடித்தால் எந்தப் படுக்கையிலிருந்து மணி ஒலித்தது என்பதைத் தாதி உடனே அறியத்தக்க ஒழுங்கு வேண்டும் என்றார். தாதியின் கால்கள் படிக்கட்டுகளில் ஏறி இறங்குவதிலே தேய்ந்துபோனால், நோயாளிக்குக் கொடுப்பதற்கு அவளிடம் என்ன மிஞ்சும் என்பது அவர் எண்ணம். அன்பு பயன்படுவதற்கு ஏற்ற ஒழுங்கை முதலில் அமைக்கவேண்டும் என்ற கொள்கை அப்போதே அவரிடம் வேரூன்றிவிட்டது.

1854ஆம் ஆண்டிலே பிரித்தானியா கிரைமியப் போரில் இறங்கியது. துருக்கி நாட்டில் ஸ்கூட்டாரி என்னுமிடத்திலிருந்த பெரும் படைவீடொன்று பிரித்தானியப் படையினரின் வைத்தியசாலையாக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் மாதத் தொடக்கத்திலே 38 பெண்களுடன் அம்மையார் அங்கு சென்றடைந்தார். துணியில்லை, பாத்திரமில்லை, சவர்க்காரமில்லை. அவர் சமையலறையை ஒழுங்குபடுத்தினார், சலவைக்கு வழிசெய்தார், தம் பொறுப்பிலிருந்த பணத்தைக்கொண்டு பொருள்கள் வாங்கினார். இரவில் விளக்குடன் நடந்ததும் இக்காலத்திலேதான்.

ஆயினும், அந்த மாரிகாலம் முழுவதும் மரணம் குறையவில்லை. மேன்மேலும் ஏறிக்கொண்டே சென்றது. 1855ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஒன்றிலே மாத்திரம் படையினருள் தொற்றுநோய்களால் மாண்டவர் 2,761 பேர். காயங்களால் மாண்டவர் 83 பேர். பெப்ரவரி மாதத்தில் ஸ்கூட்டாரி வைத்தியசாலைகளிற் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். அம்மையாரும் அவருடைய துணைவியரும் ஊணுறக்கமின்றி உழைத்த காலம் அது.

மார்ச் மாதத்தில் இங்கிலாந்திலிருந்து சுகாதாரக் குழுவொன்று வந்து சேர்ந்தது. கட்டடத்தின் அடியிற் சென்ற கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்ததையும், வைத்தியசாலைக்கு வந்த தண்ணீர் அழுகிய குதிரையுடலொன்றைக் கடந்து வந்ததையும் அக்குழுவினர் கண்டனர். ஐந்நூறு கைவண்டிகளுக்கு மேற்பட்ட குப்பையை அகற்றினர், கால்வாய்களைக் கழுவினர், சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசினர், காற்றுப் புகுவதற்கு வழிசெய்தனர். ஜூன் மாதத்திலே மரணம் நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது. காலநிலையும் நெரிசலும் மாறியமையும் இதற்குத் துணைநின்றன என்பதை மறுக்க முடியாது. ஆனால் வீழ்ச்சி எத்துணைப் பெரிதென்பதை எவரும் காணலாம்.

ஸ்கூட்டாரியில் அம்மையாரை உறுத்திய மற்றொரு குறை, இறந்தோரின் தொகையை எவரும் சரிவர அறியாமை. இறப்புகளைப் பதிவதற்கு மூன்று வெவ்வேறு ஏடுகள் இருந்தன. அம்மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. ஒரு மனிதன் படுக்கையில் இறந்து, மண்ணிற் புதைக்கப்பட்டு, ஏட்டிலே இடம்பெறாது போகக்கூடும் என்ற நிலைமை அவர் உள்ளத்தைச் சுட்டது. இறந்தவனை எண்ணாதவன், அவன் எதனால் இறந்தான் என்று எவ்வாறு கேட்பான்?

1856ஆம் ஆண்டு நாடு திரும்பிய அம்மையார் வரவேற்புகளை விரும்பவில்லை. உடல்நலம் குன்றியிருந்தும், இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவகத்திலே புள்ளிவிபர அறிஞராக இருந்த வில்லியம் ஃபார் என்பவரின் துணையோடு போர்க்கால மரணங்களை ஆராயத் தொடங்கினார். உணவுப் பற்றாக்குறையும், நோயாளிகள் காலம்தாழ்த்தி வந்து சேர்ந்தமையுமே இத்தனை மரணங்களுக்கும் காரணமென்று அவர் முன்னர்க் கருதியிருந்தார். கணக்குகளோ வேறு கதை சொல்லின. அப்போரிலே நோயால் மாண்ட பிரித்தானியர் 16,000 பேருக்கு மேல். போர்க்களத்திலும் காயத்தாலும் மாண்டவர் 5,000 பேருக்கும் குறைவு. வைத்தியசாலையின் நெரிசலும், அசுத்தமும், காற்றோட்டமின்மையுமே பெரும்பாலோரைக் கொன்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். நோயாளிகளைக் காப்பதற்கென்றே எழுப்பப்பட்ட இடம், அதிலும் தாமே அல்லும் பகலும் உழைத்த இடம், மரணத்தின் இருப்பிடமாக இருந்தது என்பதை ஏற்பதற்கு எத்துணை மனவுறுதி வேண்டும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

கண்ட உண்மையை அமைச்சரும் அரசியும் ஒரே பார்வையில் உணரும்படி, மாதத்துக்கு ஓர் இதழாகப் பன்னிரண்டு இதழ்கள் கொண்ட மலர்போன்ற ஒரு வரைபடத்தை அவர் 1858இல் வெளியிட்டார். தடுக்கத்தக்க நோய்களால் நேர்ந்த மரணங்கள் ஒரு நிறத்தில் விரிந்து பரந்து கிடக்க, காயங்களால் நேர்ந்தவை நடுவிலே சிறு துண்டுகளாகத் தோன்றின. அதே ஆண்டில் இலண்டன் புள்ளிவிபரச் சங்கம் அவரை உறுப்பினராகத் தெரிந்தது. அச்சங்கத்தில் இடம்பெற்ற முதற் பெண் அவரே.

போர்வீரர்பால் நன்றிகொண்ட ஆங்கில மக்கள், அம்மையாரின் பெயரால் நிதியொன்றைத் திரட்டினர். 44,000 பவுண் வரை சேர்ந்தது. அந்நிதியைக்கொண்டு, 1860ஆம் ஆண்டு இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையிலே தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கப்பெற்றது. முதல் வகுப்பிற் சேர்ந்தோர் 15 பெண்கள். ஓராண்டுப் பயிற்சி, தங்குமிடம், உணவு, சீருடை ஆகியவற்றுடன் கைச்செலவுக்கு ஆண்டுக்கு 10 பவுண் கொடுக்கப்பட்டது. வறிய வீட்டுப் பெண்ணும் மதிப்போடு கற்று மதிப்போடு தொழில் செய்ய வழி திறந்தது.

ஆசிரியத் தொழிலில் ஈடுபட்டோர் இப்பாடசாலையின் மதிப்பீட்டு முறையை விரும்பிக் கற்பர். ஒவ்வொரு மாணவியைப் பற்றியும் மாதந்தோறும் ஓர் அறிக்கைத் தாள் நிரப்பப்பட்டது. நேரந் தவறாமை, அமைதி, நம்பகம், தூய்மை முதலிய குணங்கள் ஒருபுறம். புண்ணுக்குக் கட்டுதல், படுக்கை விரித்தல், நோயாளிக்கு உணவு சமைத்தல், அறைக்குக் காற்றோட்டம் செய்தல், நோயாளியை உற்றுநோக்குதல் முதலிய திறன்கள் மறுபுறம். ஒவ்வொன்றுக்கும் மிக நன்று, நன்று, நடுத்தரம், குறைபாடுடையது என்று தரம் குறிக்கப்பட்டது. மாணவியர் நாட்குறிப்பு எழுதவேண்டும் என்ற விதியும் இருந்தது. பிற்காலத்தில் தாதியருக்குப் பொதுப் பரீட்சையும் அரசாங்கப் பதிவும் வேண்டுமென்ற இயக்கம் எழுந்தபோது அம்மையார் அதை எதிர்த்தார். ஒரு நாள் பரீட்சை ஒரு பெண்ணின் குணத்தை எவ்வாறு அளக்கும் என்பது அவர் கேள்வி. அவ்விவாதத்தில் வெற்றி மறுபக்கத்தாருக்கே கிடைத்தது. 1919இல் இங்கிலாந்திலே பதிவுச் சட்டம் வந்தது. ஆயினும் அக்கேள்வியின் கூர்மை இன்னும் மழுங்கிவிடவில்லை.

பாடசாலை தொடங்கிய அதே 1860ஆம் ஆண்டில், இலண்டனிற் கூடிய அனைத்துலகப் புள்ளிவிபர மாநாட்டின் முன் அம்மையார் ஒரு திட்டத்தை வைத்தார். வைத்தியசாலைகள் யாவும் ஒரே மாதிரியான படிவத்திலே கணக்கு வைக்கவேண்டும் என்பதே அத்திட்டம். ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த நோயாளிகள் எத்தனை பேர். புதிதாகச் சேர்ந்தோர் எத்தனை பேர். குணமடைந்து சென்றோர், குணமடையாது சென்றோர், இறந்தோர், ஆண்டிறுதியில் எஞ்சியோர் எத்தனை பேர். சராசரி எத்தனை நாள் தங்கினர் என்பவற்றை வயது, பால், நோய் என்ற பாகுபாட்டுடன் பதியவேண்டும் என்றார். மாநாடு அதை ஏற்றது. இலண்டனின் பெரிய வைத்தியசாலைகள் சில அப்படிவத்தைப் பயன்படுத்தவுஞ் செய்தன. ஆனால் நோய்களை வகைப்படுத்துவதில் எழுந்த வேறுபாடுகளாலும் செலவினாலும் அம்முறை விரைவிற் கைவிடப்பட்டது.

எண்கள் வழிகாட்டுவது போலவே வழிதவறச் செய்யவும் வல்லன. அம்மையாரின் வாழ்விலேயே இதற்கு உதாரணம் உண்டு. வைத்தியசாலைகளைப் பற்றிய அவருடைய நூலின் 1863ஆம் ஆண்டுப் பதிப்பிலே ஓர் அட்டவணை இடம்பெற்றது. 1861ஆம் ஆண்டு இலண்டனின் 24 வைத்தியசாலைகளில் ஒரு குறித்த நாளிலே தங்கியிருந்த நோயாளிகள் 4,214 பேர் என்றும், அவ்வாண்டில் அங்கே இறந்தோர் 3,828 பேர் என்றும், ஆகவே மரணம் நூற்றுக்கு 90க்கு மேல் என்றும் அதிற் காட்டப்பட்டது. வைத்தியர்கள் கொதித்தெழுந்தனர். அவர்கள் கூறியதில் நியாயம் இருந்தது. நூறு படுக்கைகள் கொண்ட வைத்தியசாலையிலே ஒவ்வொரு படுக்கையிலும் ஆண்டுக்குப் பத்துப்பேர் மாறிமாறித் தங்கினால், சிகிச்சை பெற்றோர் ஆயிரம் பேராவர். அவர்களுள் 90 பேர் இறந்தால் மரணம் நூற்றுக்கு 9. அதே 90ஐப் படுக்கைகளின் தொகையால் வகுத்தாலோ நூற்றுக்கு 90 என்ற பயங்கரமான விடை கிடைக்கும். மேலும், கடும் நோயாளரை ஏற்கும் வைத்தியசாலையையும் இலேசான நோயாளரை மாத்திரம் ஏற்கும் வைத்தியசாலையையும் ஒரே தராசில் நிறுப்பதும் தகாது. எதை எதனால் வகுப்பது, யாரை யாருடன் ஒப்பிடுவது என்ற வினாக்கள் அன்று முதல் இன்றுவரை வைத்தியசாலைத் தரத்தை அளப்போர் முன்னுள்ள வினாக்களாம்.

இனி, அம்மையாரின் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாததும், அவருடைய ஆசிரியப் பணியின் உரைகல்லாக அமைந்ததுமான நிகழ்ச்சியைக் காண்போம்.

கிராமங்களிலே ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கத் தகுந்த பயிற்சி பெற்றவர் இல்லை என்பதை உணர்ந்த அம்மையார், 1860களின் தொடக்கத்திலே இலண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் மருத்துவமாதருக்கான பாடசாலை ஒன்றைத் தம் நிதியின் உதவியால் நிறுவச் செய்தார். கிராமத்துப் பெண்கள் வந்து ஆறுமாதம் தங்கிப் பயின்று, தத்தம் ஊருக்குத் திரும்பி அங்கே தொழில் செய்யவேண்டும் என்பது ஏற்பாடு. அவர்கள் பயிலுவதற்காக வைத்தியசாலையிலே பிரசவ வாட்டு ஒன்று அமைக்கப்பட்டது. நோக்கம் நல்லது, ஆசிரியர்கள் பொறுப்புள்ளவர்கள், மாணவியர் ஆர்வமுள்ளவர்கள். குறைகூற எதுவும் இல்லையென்றே தோன்றிற்று.

ஆனால் பிரசவத்துக்கு வந்த தாய்மாரிற் சிலர் பிரசவக் காய்ச்சல் கண்டு இறந்தனர். கணக்கெடுத்துப் பார்த்தபோது, 1862 முதல் 1867 வரை அவ்வாட்டில் ஆயிரம் பிரசவத்துக்கு 33 தாய்மார் வீதம் இறந்தமை தெரியவந்தது. அக்காலத்தில் இங்கிலாந்து முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், ஆயிரம் பிரசவத்துக்கு இறந்த தாய்மார் ஏறக்குறைய ஐவர். பெரும்பாலான பிரசவங்கள் வீடுகளிலே, பலவேளைகளிற் பயிற்சியற்ற கிழவிமாரின் கையிலே நடந்த காலம் அது. எந்தப் பெண்களைக் காப்பதற்காகப் பாடசாலை தொடங்கப்பட்டதோ, அந்தப் பெண்கள் அங்கு வராமல் வீட்டிலேயே இருந்திருந்தால் உயிர் தப்பும் வாய்ப்பு அதிகம் என்பதே இதன் பொருள்.

இத்தகைய கணக்கு ஒன்று கைக்கு வரும்போது சாக்குச் சொல்வது எளிது. வந்த பெண்கள் வறியவர்கள், உடல் நலிந்தவர்கள் என்று கூறியிருக்கலாம். இன்னும் சில ஆண்டுகள் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டிருக்கலாம். பாடசாலையை மூடினால் கிராமத்துத் தாய்மாரின் கதி என்ன என்று கேட்டிருக்கலாம். அக்கேள்வி வெறுஞ்சாக்கும் அன்று. ஆயினும் 1867ஆம் ஆண்டிலே அவ்வாட்டும் அதனோடு பாடசாலையும் மூடப்பட்டன.

மூடியதோடு அம்மையார் அமையவில்லை. நான்கு ஆண்டுகள் முயன்று, பல நாடுகளின் பிரசவக் கணக்குகளைத் திரட்டி, 1871இல் ஒரு நூலை வெளியிட்டார். லியோன் லெ போர் என்னும் பிரெஞ்சு அறுவை வைத்தியர் 1866இல் வெளியிட்ட பெருந்தொகுப்பு அவருக்குக் கைகொடுத்தது. ஐரோப்பியப் பிரசவ வைத்தியசாலைகளில் ஆயிரத்துக்கு 34 தாய்மாரும், வீட்டுப் பிரசவங்களில் ஏறக்குறைய ஐவரும் இறந்தனர் என்பது அத்தொகுப்பின் முடிவு. இங்கிலாந்தில் வறியோர் இல்லங்களிலிருந்த சிறிய பிரசவ அறைகள் பலவற்றிலே, பேர்பெற்ற வைத்தியசாலைகளிலும் குறைவாகவே தாய்மார் இறந்தனர் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். வறுமைதான் காரணமென்றால், வறியோருள் வறியோர் தங்கிய இடத்திலன்றோ மரணம் மிகுந்திருக்க வேண்டும்? ஆகவே காரணம் தாயிடத்தில் இல்லை, அவளைச் சேர்த்த இடத்திலும் முறையிலுமே உள்ளது என்று அவர் துணிந்தார்.

பிரசவ அறைகள் பொது வைத்தியசாலையிலிருந்து முற்றாகப் பிரிந்திருக்க வேண்டும். அவை சிறியனவாக இருக்கவேண்டும். பிற நோயாளரையும் பிணங்களையும் தொட்டவர்கள் அங்கே வரலாகாது என்பன அவர் கூறிய வழிகள். நோய்க்கிருமி பற்றிய அறிவு அப்போது நிலைபெறவில்லை. கெட்ட காற்றே நோயைப் பரப்பும் என்ற பழைய கொள்கையை அம்மையாரும் நெடுங்காலம் பற்றியிருந்தார். வியன்னா நகரிலே செம்மல்வைஸ் என்னும் வைத்தியர், பிணவறுவை செய்த கையோடு பிரசவம் பார்ப்பதே இக்காய்ச்சலுக்குக் காரணமென்று 1847இலேயே கண்டு, கைகளைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கழுவும்படி விதித்திருந்தார். அவருடைய சொல்லை அக்காலத்து வைத்திய உலகம் செவிமடுக்கவில்லை. காரணத்தை முழுமையாக அறியாதபோதும், கணக்கை நேர்மையாகப் படித்தமையால், அம்மையார் ஏறக்குறைய அதே பரிகாரத்தை வந்தடைந்தார். அந்த நூலை அவர் சோக்கிரதீசு என்னும் கிரேக்க ஞானியின் தாயாரது ஆவிக்குக் காணிக்கையாக்கினார். அத்தாய் ஒரு மருத்துவமாது.

அவர் மனத்திற் கண்ட மாதிரிப் பிரசவப் பாடசாலை கட்டப்படவேயில்லை. இங்கிலாந்தில் மருத்துவமாதருக்கான சட்டம் 1902இலேதான் வந்தது. இவ்வகையில் அம்மையாரின் முயற்சி தோல்வியுற்றது என்பாரும் உளர். தம் பெயர் தாங்கிய பாடசாலையைக் காட்டிலும், அதில் வந்து படுத்த முகமறியாத ஏழைத் தாயின் உயிரே பெரிதென்று அவர் காட்டினார் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சென் தோமஸ் பாடசாலையும் அவருடைய சோதனைக்குத் தப்பவில்லை. நோய்வாய்ப்பட்டும் அரசாங்க வேலைகளில் மூழ்கியும் இருந்த அம்மையார், 1872ஆம் ஆண்டளவிலே அதனை உற்றுநோக்கத் தொடங்கினார். வெளியே புகழ் பரவியிருந்த அப்பாடசாலையின் உள்ளே, மாணவியருக்கு விரிவுரைகள் ஒழுங்காக நடைபெறவில்லை; கற்கவேண்டிய பெண்கள் வாட்டு வேலைக்கே பெரிதும் பயன்படுத்தப்பட்டனர். அவர் மாணவியரைத் தம் வீட்டுக்கு அழைத்து ஒவ்வொருவராகப் பேசினார்; அவர்களின் குறிப்பேடுகளைப் படித்தார்; புதிய வைத்திய ஆசிரியரை அமர்த்தச் செய்தார்; மாணவியரின் படிப்பையும் நலனையும் கவனிக்க விடுதியிலே தனியாக ஒரு சகோதரியை நியமிக்கச் செய்தார். அவ்வாண்டு தொடங்கி, மாணவியருக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1900ஆம் ஆண்டுவரை தொடர்ந்தன. தொழிலில் முன்னேறாது ஓரிடத்தில் நிற்பவர் உண்மையிலே பின்செல்பவரே என்ற கருத்தை அக்கடிதங்களில் அவர் பலவாறாக வற்புறுத்தினார்.

அப்பாடசாலையின் மாணவியர் பல திசைகளுக்கும் சென்றனர். அக்னஸ் ஜோன்ஸ் என்பவர் 1865இல் லிவர்பூல் வறியோர் இல்லத்து நோயாளர்களிடையே பணி தொடங்கி, மூன்றாண்டுகளிலே காய்ச்சல் கண்டு அங்கேயே உயிர் நீத்தார். லூசி ஒஸ்பேர்ன் 1868இல் ஐந்து தாதியருடன் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குச் சென்று, அங்கே பயிற்சி முறையை நிலைநாட்டினார்.

இலங்கையும் அம்மையாரின் கணக்கேட்டுக்கு வெளியே நிற்கவில்லை. குடியேற்ற நாடுகளின் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் சுதேசிகள் எவ்வாறு நோயுற்று இறக்கின்றனர் என்பதை அறிய, குடியேற்ற நாட்டு அமைச்சின் மூலம் அவர் படிவங்களை அனுப்பினார். வந்த விடைகளை 1863இல் அறிக்கையாக வெளியிட்டார். அவற்றுள் இலங்கையிலிருந்து சென்ற கணக்குகளும் இருந்தன. விடைகளிற் பல அரைகுறையானவை என்பதையும், கணக்கே வைக்கப்படாத இடங்கள் பல உள்ளன என்பதையும் அவர் மறைக்கவில்லை.

தாய்மாரின் உயிரைப் பற்றிய கணக்கிலோ, பிற்காலத்து இலங்கை உலகம் போற்றும் நிலையை அடைந்தது. 1926ஆம் ஆண்டு களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. பயிற்சி பெற்ற மருத்துவமாது வீடுவீடாகச் சென்று, கர்ப்பிணிகளைப் பதிந்து, கண்காணிக்கும் முறை நாளடைவில் நாடெங்கும் பரவிற்று. 1930களில் ஆயிரம் பிறப்புக்கு 20க்கு மேற்பட்ட தாய்மார் இறந்த இந்நாட்டிலே, இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தொகை ஆயிரத்துக்கு ஒன்றிலும் வெகு குறைவாயிற்று. மலேரியா ஒழிப்பும், புதிய மருந்துகளும், இலவச வைத்தியமும், பெண்கல்வியும் இதற்கு உதவின. அவற்றோடு, ஒரு தாய் இறந்தால் அவள் ஏன் இறந்தாள் என்று ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியே விசாரிக்கும் வழக்கமும் இங்கு உருவாயிற்று. ஸ்கூட்டாரியின் மூன்று ஏடுகளிலே காணாமற் போனவர்களுக்கு எந்த நீதி மறுக்கப்பட்டதோ, அந்த நீதி இவ்விசாரணையிலே வழங்கப்படுகின்றது எனலாம்.

1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் உயர்ந்த விருதுகளுள் ஒன்றான 'ஓடர் ஒவ் மெரிட்' பட்டம் அம்மையாருக்கு அளிக்கப்பட்டது. அதனைப் பெற்ற முதற் பெண்ணும் அவரே. 1910ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 13ஆந் திகதி, தமது தொண்ணூறாவது வயதில் அவர் காலமானார். அவர் பிறந்த மே 12ஆந் திகதியை உலகத் தாதியர் தினமாக நாடுகள் பலவும் கொண்டாடுகின்றன.

அத்தினத்திலே தாதியர் விளக்கேற்றி உறுதிமொழி எடுப்பது அழகிய வழக்கம். அந்த விளக்கின் ஒளியிலே அம்மையார் நோயாளியின் முகத்தைப் பார்த்தார். பின்னர் அதே ஒளியிலே பதிவேட்டையும் பார்த்தார். வைத்தியசாலையை நடத்துவோரும், பாடசாலையை நடத்துவோரும், பொதுமக்களுக்குப் பணிசெய்யும் எவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் ஏட்டைத் திறந்து, தம்மை நம்பி வந்தவருக்கு நன்மை விளைந்ததா, தீமை விளைந்ததா என்று எண்ணிப் பார்த்தல் நன்று. விடை கசப்பாயிருப்பின், 1867ஆம் ஆண்டிலே மூடப்பட்ட அந்தச் சிறிய பிரசவ வாட்டை அவர்கள் நினைவு கூர்வார்களாக.